சாம்பல் நிறப் பெட்டி செய்த குன்பெய்

செண்பகத்தோப்புக்குப் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையின் காலடியில் இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்தும் பக்கம்தான். மாந்தோப்புகள் முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். அந்தக் காட்டில்தான் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. வீட்டு வேப்பமரத்தில் ஓடுகிறதே முதுகில் கோடு போட்ட அணில், அது மாதிரி நினைத்துவிடாதீர்கள். இது வாலோடு சேர்த்து அளந்தால் இரண்டடி இருக்கும்! இந்த அணிலுக்காகவே 1988-ல் இந்தக் காட்டைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2021-ல் அது புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது.

இந்த அணிலைப் பார்ப்பதில் ஒரு சங்கடம். காத்திருக்க வேண்டும்! மரத்தை விட்டு அது கீழே இறங்குவதே அபூர்வம். உச்சிக் கிளைகளிலேயே தாவித் தாவிப் போய்விடும். நடுப்பகல் வெயிலில் தலைகாட்டுவதும் குறைவு.

சென்ற காலாண்டு விடுமுறையில் நானும் என் அக்கா மகனும் தோப்பு ஓரத்தில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து காத்திருந்தோம். அவன் ஏழாம் வகுப்பு. பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்தான். கழுத்து வலித்தது. என் செல்போனை வாங்கி விளையாட ஆரம்பித்தான். வெயிலில் திரை ஒன்றும் தெரியவில்லை. அவன் முகம்தான் அதில் தெரிந்தது. கையைக் குடையாகப் பிடித்துப் பார்த்தான், சட்டைக்குள் ஒளித்து வைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் போன் சூடாகி, சார்ஜும் தீர்ந்தது.

அப்போதுதான் பையிலிருந்து என் பழைய பொக்கிஷத்தை எடுத்தேன். 1990-களில் ஆடிப்பூரத் திருவிழாக் கடையில் வாங்கிய பிரிக் கேம்! மேலிருந்து கட்டைகள் விழும், நாம் திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும், அதேதான். உங்கள் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள், அவர்கள் கண் மின்னும். இரண்டு பென்சில் பேட்டரி போட்டேன். ஓடியது. அதைவிட ஆச்சரியம், வெயிலில் அதன் திரை மங்கவே இல்லை. வெயில் ஏற ஏற இன்னும் பளிச்சென்று தெரிந்தது!

இது எப்படி மாமா என்று விழித்தான் பயல். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஜப்பான் வரைக்கும் போக வேண்டும். ஏனென்றால், அந்தக் காலத்து பிரிக் கேம் பெட்டிகள் பலவற்றின் உருவம், கேம் பாய் என்ற ஜப்பானியப் பெட்டியைப் பார்த்துச் செய்ததுதான். அந்த கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். அவனிடம் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். அணில் வரும்போது வரட்டும்.

குன்பெய் 1941-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ல் கியோட்டோ நகரில் பிறந்தார். அங்கேயே தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தார். படித்து முடித்ததும் பெரிய மின்சாதனக் கம்பெனிகளில் வேலை கிடைக்கவில்லை. உள்ளூரிலேயே ஒரு கம்பெனியில் இடம் கிடைத்தது. சேர்ந்துவிட்டார். அது 1965.

அந்தக் கம்பெனியின் பெயர் நிண்டெண்டோ. உடனே மரியோவை நினைத்திருப்பீர்களே? மரியோ அப்போது பிறக்கவே இல்லை! நிண்டெண்டோ 1889-ல் தொடங்கப்பட்ட சீட்டுக்கட்டுக் கம்பெனி. பூக்கள் வரைந்த ஹனஃபுடா என்ற ஜப்பானியச் சீட்டுகளைத் தயாரித்து வந்தது. சீட்டு செய்யும் இயந்திரங்கள் ரிப்பேர் ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் குன்பெய்க்கு வேலை. அவை அடிக்கடி கெட்டுப்போகவில்லை போலிருக்கிறது, அவருக்கு நிறைய நேரம் மிச்சமிருந்தது. தொழிற்சாலையில் லேத் இயந்திரம் இருந்தது. சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா? ஒரு விளையாட்டுச் சாமான் செய்தார்.

பழைய கடைகளில் மடக்கு இரும்புக் கதவு பார்த்திருப்பீர்கள். பெருக்கல் குறிகளைக் கோத்த மாதிரி பட்டைகள் இருக்கும். இழுத்தால் விரியும், தள்ளினால் சுருங்கும். அதே மாதிரி பட்டைகளைக் கோத்து, ஒரு முனையில் கைப்பிடி, மறு முனையில் கவ்வுகிற இரண்டு கிண்ணங்கள். கைப்பிடியை அழுத்தினால் சரேலென்று நீண்டு தூரத்தில் இருப்பதைப் பிடிக்கும்.

இதை வைத்து அவர் விளையாடிக்கொண்டிருந்ததை முதலாளி ஹிரோஷி யமவுச்சி பார்த்துவிட்டார். யமவுச்சி லேசுப்பட்டவர் அல்ல, கண்டிப்புக்குப் பேர் போனவர். அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்ததும் குன்பெய்க்கு வயிற்றைக் கலக்கியது. வேலை நேரத்தில் விளையாடினால் திட்டு விழாமல் என்ன செய்யும்? ஆனால் நடந்தது வேறு. அதையே விற்கிற பொம்மையாகச் செய்து தரும்படி உத்தரவு போட்டார் முதலாளி. சீட்டுக்கட்டு விற்பனை படுத்துக் கிடந்த நேரம் அது. புதிதாக ஏதாவது கிடைக்காதா என்று அவரும் தேடிக்கொண்டிருந்தார்.

அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் 1966-ல் அது கடைக்கு வந்தது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது! ரிப்பேர்காரராக இருந்தவர் பொம்மை வடிவமைப்பாளர் ஆகிவிட்டார்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் செய்தவை ஏராளம். வீட்டுக்குள்ளேயே பேஸ்பால் பந்து வீசும் இயந்திரம், வெளிச்சத்தால் சுடுகிற துப்பாக்கி என்று ஒரு பெரிய பட்டியலே உண்டு. எல்லாவற்றையும் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. எனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

1972-ல் வந்த லெஃப்டி ஆர்எக்ஸ் என்ற ரிமோட் கார். அந்தக் காலத்தில் ரிமோட் கார் என்றால் யானை விலை. இடமும் வலமும் திரும்புவதற்குத் தேவையான பாகங்கள்தான் விலையை ஏற்றிவிட்டன. குன்பெய் என்ன செய்தார் தெரியுமா? இடது பக்கம் மட்டும் திரும்புகிற கார் செய்தார்! சிரிப்பு வருகிறதா? யோசித்துப் பாருங்கள். பந்தயம் நடக்கிற வட்டப் பாதையில் சுற்றுவதற்கு ஒரு பக்கம் திரும்பத் தெரிந்தால் போதுமே. விலையும் மளமளவென்று குறைந்தது.

அவருடைய குணம் முழுவதும் இந்த காரில் இருக்கிறது. நேற்றுக் கண்டுபிடித்த புத்தம்புது நுட்பத்தின் பின்னால் அவர் ஓடமாட்டார். அது விலை அதிகம், சீக்கிரம் பழுதாகும், அதன் கோளாறுகளும் யாருக்கும் சரியாகத் தெரியாது. எல்லோரும் பயன்படுத்திப் பழகி, மலிவாகிப்போன நுட்பத்தையே எடுத்துக்கொள்வார். ஆனால் அதை யாரும் நினைக்காத இடத்தில் பயன்படுத்துவார். வாடிப்போன நுட்பம் என்று அதற்கு அவரே ஒரு பெயரும் வைத்திருந்தார். ஜப்பானில் இன்றும் பொறியாளர்கள் இதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இப்போது ரயில் ஏறுவோம். 1970-களின் கடைசி. குன்பெய் அதிவேக ரயிலில் போய்க்கொண்டிருந்தார். அருகில் ஓர் அலுவலக ஆசாமி. அவருக்குப் பொழுது போகவில்லை. கால்குலேட்டரை எடுத்து வைத்துக்கொண்டு பட்டன்களைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தார். கணக்கு ஒன்றும் போடவில்லை, விளையாட்டுதான். பெரியவர்களுக்கும் பொழுது போகாது, ஆனால் நாலு பேர் பார்க்க பொம்மையை வைத்து விளையாட வெட்கமாக இருக்கும். அப்படியானால் உள்ளங்கையில் மறைகிற அளவுக்கு, கால்குலேட்டர் மாதிரியே மெல்லியதாக ஒரு விளையாட்டு இருந்தால் எப்படி இருக்கும்?

சில நாள் கழித்து முதலாளியின் கார் டிரைவர் வராததால் குன்பெய் அவருக்குக் கார் ஓட்டிப் போக நேர்ந்ததாம். பேச்சுக்குப் பேச்சாக இந்த யோசனையைச் சொல்லிவைத்தார். முதலாளி தலையாட்டியதோடு சரி. ஆனால் அன்று அவர் போன கூட்டத்தில் ஷார்ப் கம்பெனித் தலைவரும் இருந்தார். கால்குலேட்டர் செய்வதில் ஷார்ப் கில்லாடி. விஷயம் பேசி முடிவாகிவிட்டது!

1980 ஏப்ரலில் கேம் அண்டு வாட்ச் வந்தது. முதல் விளையாட்டில் ஒருவன் பந்துகளை மேலே வீசிப் பிடிப்பான். அவ்வளவுதான். விளையாடாத நேரத்தில் கடிகாரம் ஓடும்.

அதன் திரை எப்படி வேலை செய்தது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கு அதிசயமாக இருக்கும். கால்குலேட்டரில் 8 என்ற எண்ணை உற்றுப் பாருங்கள். ஏழு கோடுகள் இருக்கும். சில கோடுகள் கருத்து, சில கோடுகள் மறைந்தால் வேறு எண் கிடைக்கும். கோடுகள் இடம் மாறுவதே இல்லை. குன்பெய் குழு அந்தக் கோடுகளுக்குப் பதிலாகப் படங்களை வைத்தது. வீசுபவனின் கை இங்கே ஒன்று, அங்கே ஒன்று. பந்து இங்கே ஒன்று, அங்கே ஒன்று. எல்லாம் முன்கூட்டியே திரையில் இருக்கும். ஒன்று மறைந்து அடுத்தது தெரிந்தால், பந்து நகர்ந்த மாதிரி நம் கண் நம்பிவிடும். கணக்குப் போடுகிற சாமானை விளையாட வைத்துவிட்டார் மனிதர். இந்த வரிசையில் பல விளையாட்டுகள் வந்து, மொத்தம் 4 கோடிக்கும் மேல் விற்றன.

1982-ல் இதே வரிசையில் டாங்கி காங் வந்தது. பெரிய மனிதக் குரங்கு பீப்பாய்களை உருட்டிவிடுமே, அந்த விளையாட்டு. கடைகளில் நின்றுகொண்டு விளையாடும் பெரிய இயந்திரத்தில் இதற்குக் குச்சி மாதிரி ஒரு பிடி இருந்தது. மடக்கி சட்டைப் பையில் வைக்கிற பெட்டியில் குச்சியை எங்கே நடுவது? நான்கு திசைக்கு நான்கு தனிப் பட்டன்கள் வைத்தால், எந்த பட்டனில் விரல் இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். அதற்குள் பீப்பாய் தலையில் விழுந்துவிடும்.

குன்பெய் கூட்டல் குறி வடிவத்தில் ஒரே பட்டன் செய்தார். நடுவில் அடியில் ஒரு சிறு முட்டு. அதன் மேல் பட்டன் ஏற்றப்பலகை போலச் சாயும். வலது பக்கம் அழுத்தினால் இடது பக்கம் எழும்பும். அதனால் எதிரெதிர்த் திசைகளை ஒரே நேரத்தில் அழுத்தவே முடியாது. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கட்டைவிரலே உணர்ந்துவிடும், கண் திரையை விட்டு விலக வேண்டாம்.

வீட்டில் ரிமோட்டோ, கேம் விளையாடும் பிடியோ இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். மேல், கீழ், இடம், வலம் எல்லாம் விரலுக்குத் தெரியும். அதையே செல்போன் கண்ணாடியில் செய்து பாருங்கள். ஒன்றும் தெரியாது. அதனால்தான் போனில் விளையாடும்போது அடிக்கடி தப்பான இடத்தில் அழுத்தித் தோற்கிறீர்கள், உங்கள் தப்பு மட்டுமல்ல! டிவியில் மாட்டி விளையாடும் பெட்டிகளிலும் இந்தக் கூட்டல் குறி ஏறி உட்கார்ந்தது. 40 ஆண்டுகளுக்குப் பிறகும் இறங்கவில்லை.

இனி, அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்கு வருவோம்.

கேம் அண்டு வாட்ச்சில் ஒரு பெட்டிக்கு ஒரு விளையாட்டுதான். சலித்துவிட்டால் வேறு பெட்டி வாங்க வேண்டும். கேசட் மாற்றி மாற்றி விளையாடும் கைப்பெட்டி வேண்டும் என்று முடிவானது. குன்பெய் அதையும் ஒரு மலிவான பொம்மையாகவே நினைத்திருந்தார். அவருடன் வேலை பார்த்த சதோரு ஒகாடா என்ற பொறியாளர்தான், பல ஆண்டுகள் நிலைக்கக்கூடிய முழுமையான கருவியாக அது இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இருவரும் முட்டிக்கொண்டார்கள். கடைசியில் குன்பெய் விட்டுக்கொடுத்தார். பெரிய பெயர் எடுத்தவர் தனக்குக் கீழே வேலை செய்பவரிடம் விட்டுக்கொடுப்பது அவ்வளவு சாதாரணமா என்ன?

ஆனால் திரை விஷயத்தில் குன்பெய் அசையவில்லை. வண்ணத் திரை கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்து வண்ணத் திரைக்குப் பின்னால் எப்போதும் விளக்கு எரிய வேண்டும். விளக்கு பேட்டரியைக் குடித்துவிடும். பேட்டரிக்கு யார் காசு கொடுப்பது? குழந்தைகள்தானே! கரும்பலகையில் சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டுப் பனிமனிதன் என்று சொன்னால், பார்ப்பவர்கள் மனதில் பனியின் வெண்மை தானாக வந்துவிடும் என்பது அவர் எண்ணம். நம் ஊர்க் கோலத்தையே பாருங்களேன். வெறும் வெள்ளை மாவில் போட்டாலும் அது தாமரை என்று நமக்குத் தெரியவில்லையா?

கம்பெனிக்குள்ளேயே பலருக்கு இதில் நம்பிக்கை இல்லை. உருப்படாத விளையாட்டு என்று கேலிப் பெயர் வைத்தார்களாம். அதோடு ஒரு பெரிய இடியும் விழுந்தது. ஷார்ப் செய்து கொடுத்த திரையை நேராகப் பார்த்தால் தெரிந்தது. கொஞ்சம் சாய்த்தால் படம் காணாமல் போனது! முதலாளி பார்த்தார். இது ஆகாது என்று தள்ளிவிட்டார். ஏகப்பட்ட பணம் செலவாகியிருந்தது. குன்பெய்க்குத் தூக்கம் போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை. ஊருக்கே மலிவு வழியைக் கற்பித்தவர், மலிவுத் திரையால் கவிழப்போகிறார் என்ற நிலை.

பிறகு வேறு வகைத் திரை கை கொடுத்தது. எல்.சி.டி. திரைக்குள் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகங்கள் முறுக்கிய படிக்கட்டு போல அடுக்கியிருக்கும். அந்த முறுக்கை அதிகமாக்கினால் சாய்த்துப் பார்த்தாலும் படம் தெரியும். ஆனால் ஒரு மஞ்சள் கலந்த பச்சைச் சாயல் வந்துவிடும். கேம் பாயின் அந்தப் பாசிப்பச்சைத் திரை அப்படி வந்ததுதான்.

1989 ஏப்ரல் 21-ல் ஜப்பானில் கேம் பாய் வெளியானது. விலை 12,500 யென். அதைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போமா?

தடித்த சாம்பல் நிற பிளாஸ்டிக் பெட்டி. நிஜமாகவே செங்கல் மாதிரிதான் இருக்கும். மேலே திரை, கீழே இடது பக்கம் கறுப்புக் கூட்டல் குறி, வலது பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் இரண்டு வட்ட பட்டன்கள். அந்த இரண்டும் நேர்கோட்டில் இல்லை, சற்றுச் சாய்ந்திருக்கும். உங்கள் வலது கட்டைவிரலை மடக்கி நீட்டிப் பாருங்கள், அது சாய்வாகத்தான் போகிறது. பட்டனும் அப்படியே! கீழ் வலது மூலை மட்டும் பெரிதாக வளைந்திருக்கும். அங்கே சாய்ந்த கோடுகள் போட்ட ஸ்பீக்கர். சுவிட்சை நகர்த்தினால் உள்ளே ஒரு சிறு நாக்கு கேசட்டின் பள்ளத்தில் போய் மாட்டிக்கொள்ளும். விளையாட்டு ஓடும்போது கேசட்டைப் பிடுங்க முடியாது. அவசரக் குடுக்கைகளை அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அழகா என்று கேட்டால், முதல் பார்வையில் இல்லை என்றுதான் சொல்வேன். அலுவலகத்து டெலிபோன் மாதிரி இருக்கும். ஆனால் கையில் பிடித்தால் அபிப்பிராயம் மாறிவிடும். ஒவ்வொரு பட்டனும் விரல் தேடுகிற இடத்தில் இருக்கிறது. அதுவும் ஓர் அழகுதானே?

உள்ளே இருந்த சில்லு 1970-களின் வடிவமைப்பை ஒட்டியது. வேலை நினைவகம் 8 கிலோபைட். 8 ஜிபி நினைவகம் உள்ள இன்றைய போனில் அதைப் போல் பத்து லட்சம் மடங்கு இருக்கிறது! திரையில் குறுக்கே 160 புள்ளிகள், நெடுக்கே 144. நிறம், பச்சையில் நான்கு சாயல்.

அதே 1989-ல் அடாரி கம்பெனி லின்க்ஸ் என்ற கைப்பெட்டியைக் கொண்டுவந்தது. வண்ணத் திரை, பின்னால் விளக்கு, திருப்பிப் பிடித்தால் இடது கைக்காரர்களும் விளையாடலாம். அடுத்த ஆண்டு சேகா கம்பெனியின் கேம் கியர். அதுவும் வண்ணம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாய் பாவமாக இருந்தது. பத்திரிகைகளில் நிபுணர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

அப்புறம்தான் பேட்டரிக் கணக்கு ஆரம்பித்தது. லின்க்ஸுக்கும் கேம் கியருக்கும் ஆறு பென்சில் பேட்டரி. நான்கைந்து மணி நேரத்தில் காலி. கேம் பாய்க்கு நான்கு பேட்டரிதான். அது ஏறத்தாழ 15 மணி நேரம் ஓடும். அமெரிக்காவில் லின்க்ஸின் விலை கேம் பாய் மாதிரி இரண்டு மடங்கு. வெளியே வெயிலுக்குக் கொண்டுபோனால் வண்ணத் திரைகள் வெளுத்தன. வெயிலோடு போட்டி போட்டு ஜெயிக்க அந்தச் சின்ன விளக்குகளால் முடியுமா? கேம் பாயின் திரைக்குச் சொந்த வெளிச்சமே இல்லை. மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தான் படத்தைக் காட்டும், இந்தப் பத்திரிகைத் தாள் மாதிரி. வெளிச்சம் கூடினால் படமும் பளிச்சிடும். செண்பகத்தோப்புப் பாறையில் என் பிரிக் கேம் தெரிந்ததற்கும் இதுதான் காரணம்!

குறை இல்லாமல் இல்லை. இருட்டினால் ஒன்றும் தெரியாது. இரவு காரில் போகும் குழந்தைகள், தெருவிளக்கு ஒவ்வொன்றும் கடக்கும்போது மட்டும் அவசரமாக இரண்டு அடி விளையாடினார்கள். உருவங்கள் வேகமாக ஓடினால் பின்னால் நிழல் இழுக்கும். இதற்கு ஏற்ற விளையாட்டு வேண்டும். ரஷ்யாவில் 1984-ல் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் கிடைத்தது. மெதுவாக விழும் கட்டைகளுக்கு வண்ணம் எதற்கு? இரண்டும் ஜாடிக்கேற்ற மூடி ஆகிவிட்டன.

உழைப்பிலும் அது கெட்டி. வளைகுடாப் போரின்போது குண்டுவீச்சில் எரிந்து உருகிப்போன ஒரு கேம் பாய், பேட்டரி போட்டதும் ஓடியது. நியூயார்க்கில் நிண்டெண்டோ கடையில் பல ஆண்டுகள் அதைக் கண்ணாடிக்குள் ஓடவிட்டு வைத்திருந்தார்கள். 1993-ல் ஒரு ரஷ்ய விண்வெளி வீரர் தன் கேம் பாயை விண்வெளிக்கே கொண்டுபோய் டெட்ரிஸ் விளையாடினார். பின்னால் வந்த வண்ண கேம் பாயையும் சேர்த்தால் உலகம் முழுவதும் 11 கோடிக்கும் மேல் விற்பனை!

இத்தோடு கதையை முடித்தால் இனிக்கும். ஆனால் குன்பெய் வாழ்க்கை இங்கே முடியவில்லை.

1995-ல் விர்ச்சுவல் பாய் என்ற கருவியைக் கொண்டுவந்தார். மேசை மேல் இரண்டு கால் போட்ட தாங்கி. அதில் பெரிய சிவப்புக் கண்ணாடி மாதிரி ஒரு பெட்டி. அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பார்த்தால் காட்சிகள் ஆழமாக, முப்பரிமாணத்தில் தெரியும். உள்ளே ஒரு வரிசை எல்.இ.டி. விளக்குகள், நொடிக்கு 50 முறை அசையும் கண்ணாடி. அந்த அசைவில் ஒரு கோடு முழுப் படமாக விரியும். யோசனை அருமை. விளக்குகளில் சிவப்புதான் மலிவு, மின்சாரமும் குறைவு. பளிச்சென்ற நீல விளக்கு அப்போதுதான் வந்திருந்தது, விலையும் அதிகம். எனவே வழக்கப்படி மலிவானதை எடுத்தார். கறுப்புப் பின்னணியில் எல்லாமே சிவப்பு!

இந்த முறை அது பலிக்கவில்லை. கையிலும் வைக்க முடியாது, தலையிலும் மாட்ட முடியாது. குனிந்தே இருந்தால் கழுத்து வலி. சிவப்பையே பார்த்தால் தலைவலி. நீங்கள் விளையாடுவதைப் பக்கத்தில் இருக்கும் நண்பன் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. எட்டிப் பார்க்க முடியாத விளையாட்டில் பாதி சந்தோஷம் போய்விடுமே? கேம் பாய் செய்தபோது வெயில், பேட்டரி, கட்டைவிரல் எல்லாவற்றையும் யோசித்தவர் கழுத்தை எப்படி மறந்தார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. 8 லட்சம்கூட விற்கவில்லை. ஓராண்டுக்குள் கடையைக் கட்டிவிட்டார்கள்.

தோற்றதால்தான் அவர் நிண்டெண்டோவை விட்டுப் போனார் என்று பலர் எழுதிவிட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல் தனியாகத் தொழில் செய்யும் எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. தோல்வியோடு கிளம்ப மனமில்லாமல், கேம் பாயைச் சிறிதாக்கி கேம் பாய் பாக்கெட் என்று 1996-ல் கொண்டுவந்தார். அதில் பச்சைச் சாயலும் போய், திரை கறுப்பு வெள்ளையாகத் தெளிந்திருந்தது. அது நன்றாக விற்றதைப் பார்த்துவிட்டு, அந்த ஆகஸ்டில் 31 ஆண்டு வேலையை விட்டார். கியோட்டோவில் கோட்டோ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பண்டாய் என்ற பொம்மைக் கம்பெனிக்காக ஒரு புதிய கைப்பெட்டியை வடிவமைக்க ஆரம்பித்தார்.

1997 அக்டோபர் 4. இஷிகாவா மாவட்டத்தில் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது அவர் வந்த கார் முன்னால் போன வண்டியில் லேசாக மோதியது. என்ன சேதம் என்று பார்க்க இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு கார் அவர் மேல் மோதிவிட்டது. அவருக்கு வயது 56.

அவர் பாதியில் விட்டுப்போன பெட்டியை மற்றவர்கள் முடித்து 1999 மார்ச்சில் வெளியிட்டார்கள். பெயர் வொண்டர்ஸ்வான். நின்ற வாக்கிலும் பிடிக்கலாம், படுத்த வாக்கிலும் பிடிக்கலாம். கறுப்பு வெள்ளைத் திரைதான். விலை 4,800 யென். கேம் பாய்க்கு நான்கு பேட்டரி அல்லவா? இதற்கு ஒரே ஒரு பென்சில் பேட்டரி! அதிலேயே 30 மணி நேரம் ஓடும். அதோடு வந்த ஒரு புதிர் விளையாட்டுக்கு அவர் நினைவாக குன்பெய் என்றே பெயர் வைத்தார்கள்.

கதை முடிந்தபோது மணி நான்கைத் தாண்டிவிட்டது. அணில் வந்ததா என்று கேட்கிறீர்களா? வந்தது. ஓடைக்கரை மரத்தின் உச்சியில், வால் கீழே தொங்க, சாவகாசமாக எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. நான்தான் பார்த்தேன். பயல் தலை நிமிரவில்லை. கட்டைகள் மேலே வரை ஏறிவிட்டன, ஒரு நீளக் கட்டை மட்டும் வந்தால் தப்பிப்பான்!

ஊர் திரும்பும் பஸ்ஸில் அவன் கேட்ட கேள்வி ஒன்றுதான். அந்த நீளுகிற கை இப்போது எங்கே கிடைக்கும்? கியோட்டோவுக்குப் பக்கத்தில் ஊஜி என்ற ஊர். சீட்டுக்கட்டு தயாரித்த பழைய நிண்டெண்டோ தொழிற்சாலை அங்கே இருந்தது. அதை 2024 அக்டோபரில் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். அங்கே குழந்தைகள் வரிசையில் நின்று, அல்ட்ரா ஹேண்டை நீட்டி, உருண்டு வரும் பந்துகளைப் பிடித்துக் குழாயில் போடுகிறார்கள்.